எட்டு முழம் மஞ்சள்

மஞ்சள் துணியின் ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளை ஏறியிருந்தது.

வெளிச்சம் செய்கிற வேலை என்றுதான் பதூல் முதலில் நினைத்தாள். அஸீலாவில் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து முற்றங்களுக்குள் இறங்கும். அந்த நேரத்தில் எந்த நிறமும் தன் நிறத்தில் இருக்காது. துணியைச் சமையலறை ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பொடி உதிரவில்லை. சாயம் போன வெளுப்பும் இல்லை. சாயம் போனால் துணியில் ஒரு சோர்வு தெரியும், திட்டுத்திட்டாகத் தெரியும். இது கோடு கிழித்தாற்போல நேராக, தையலுக்கு மேலே ஒரு விரற்கடை, அதற்கும் மேலே நல்ல மஞ்சள். மோந்து பார்த்தாள். ஈரச் சுண்ணாம்பு வாடை.

அந்த வாடையைக் கொண்டுவர இந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

கணவன் துஹாமி மவுத்தாகி நாலு மாதமும் ஏழு நாளும் ஆகியிருந்தன. இன்னும் மூன்று நாள். வெள்ளிக்கிழமையோடு இத்தா என்கிற துக்கக் காலம் முடிகிறது. அதுவரை தலைத்துணி முதல் காலுறை வரை வெள்ளை. இங்கே விதவைகளின் வழக்கம் அது. வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளையைக் களைந்து, தன் கையால் தைத்த இந்த மஞ்சள் கஃப்தான் அங்கியை உடுத்திக்கொண்டு தெருவோடு நடந்து கடற்கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. வேறெதுவும் அவள் கேட்கவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருத்தி கேட்கிற ஆசையா இது என்று அவளுக்கே சில நேரம் தோன்றும். தோன்றினால் தோன்றட்டும் என்று ஊசியில் நூல் கோப்பாள்.

எட்டு முழம் துணியைக் கடைக்குப் போய் வாங்கி வந்தவள் பதினாறு வயது மகள் ஷாமா. கடைக்காரன் அளந்துகொண்டே, "உங்க உம்மாவுக்கு இது கல்யாணத்துக்கா, காமாலைக்கா?" என்று கேட்டானாம். அதைச் சொன்னபோது பதூல் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. தைத்ததைக் குஸ்குஸ் வேகவைக்கும் பெரிய பானைக்குள் மறைத்து வைத்தாள். நாத்தனார் மன்னானா எல்லா அலமாரியையும் திறந்து பார்ப்பாள். பாத்திரத்தைத் தொடமாட்டாள், தொட்டால் கழுவச் சொல்லிவிடுவார்களோ என்று.

துஹாமி ஊருக்கே வெள்ளையடித்தவன். வசந்தம் வந்தால் பாதித் தெருவின் சுவர்கள் அவன் தூரிகைக்குக் கீழேதான். "வெள்ளையில எல்லாம் இருக்கு" என்பான், சாப்பிடும்போதும், தூங்கப் போகும்போதும், துஆ ஓதுவதுபோல. அவன் கணக்கில் சிவப்பு அடங்காதவர்கள் நிறம், கறுப்பு ஜின்கள் நிறம், நீலம் கதவுக்கும் ஜன்னலுக்கும் மட்டும், கண் படாமலிருக்க. மஞ்சள் நோயாளியின் நிறம். மனசில் பொறாமை ஊறியவர்களுக்குத்தான் அது பிடிக்கும்.

பதூலுக்கு மஞ்சள் பிடிக்கும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு லராஷில் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தபோது முதல் சம்பளத்தில் ஒரு மஞ்சள் சால்வை வாங்கினாள். அதைப் போர்த்திக்கொண்டு நடந்தால் தன்னை யாரோ தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு கையசைக்கப்போகிறார்கள் என்று ஓர் உணர்வு வரும். அவ்வளவுதான். இங்கே வாழ வந்த இரண்டாம் மாதம் துஹாமி அதைப் பெட்டியிலிருந்து எடுத்தான். திட்டவில்லை. கிழிக்கவில்லை. முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சுண்ணாம்புத் தொட்டியில் அமிழ்த்தி, இரண்டு கையாலும் அழுத்தி, எடுத்துக் கொடியில் காயப்போட்டான். சாயங்காலம் அது பலகைபோல் விறைத்து நின்றது. ஒரு பக்கம் தலை சாய்த்துப் பார்த்து, "இப்ப நல்லா இருக்கு" என்றான்.

அவள் அன்று சரி என்று தலையாட்டினாள். சொல்லாமல் விட்டது பத்தொன்பது வருடமாகத் தொண்டையில் இருந்தது, மீன் முள்ளாக.

துணியை மடித்து மறுபடி பானைக்குள் வைத்தாள். மூடியைப் போடும்போது அந்த ஓசை கேட்டது. சரக். கொஞ்ச நேரம் கழித்து, சரக். தோய்ந்த தூரிகை சுவரில் மேலிருந்து கீழே இழுபடுகிற ஓசை.

முற்றத்தில் யாரும் இல்லை. மூடுபனி மட்டும் எலுமிச்சைத் தொட்டியின் உயரத்துக்கு இறங்கி நின்றது. துஹாமி இறந்தது இங்கேதான். சொந்த முற்றத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, வடக்குச் சுவரில் பாதி முடிந்திருக்கையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கடைசி இழுப்பு நேராக வராமல் அரிவாள்போல் வளைந்து தரை வரைக்கும் போயிருந்தது. அதற்கு அப்பால் பழைய சுவர், அழுக்கு நிறத்தில். பதூல் அதை அப்படியே விட்டிருந்தாள்.

வளைவுக்கு அப்பால், அழுக்குச் சுவரில், நேராக, மூன்று புதிய இழுப்புகள் இருந்தன. தொட்டாள். ஈரம்.

மறுநாள் மன்னானா வந்தாள். துஹாமிக்கு மூத்தவள், படி ஏறும்போதே மூச்சோடு பேச்சும் வரும். கையில் பொரித்த மத்தி மீன், எண்ணெய் கசிகிற காகிதத்தில்.

"வெள்ளையடிச்சியா? என்ன இப்படி வாடை அடிக்குது."

"இல்ல மதினி."

"அப்ப அந்தச் சுவரு?"

வடக்குச் சுவர் முழுவதும் முடிந்திருந்தது. அரிவாள் வளைவைக் காணோம். பதூல் காலையிலேயே பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு மாவு பிசையப் போய்விட்டாள். பயந்தால் அதற்கு இடம் கொடுத்ததாக ஆகும் என்று ஏனோ தோன்றியது.

"யாராவது சம்பளத்துக்கு வெச்சு அடிச்சியோ என்னமோ. நல்ல வேலை. எந்தம்பி கை மாதிரியே இருக்கு." மன்னானா உட்கார்ந்து காலை நீட்டினாள். "வெள்ளிக்கிழமை என்ன உடுத்தப் போற? பச்சையில ஒண்ணு எடுத்துத் தரவா? பச்சை பரக்கத்து."

"மஞ்சள் தெச்சு வெச்சிருக்கேன்."

மன்னானா மீன் முள்ளை வாயிலிருந்து மெதுவாக உருவினாள். "கபுறுல மண்ணு காயல. அவனுக்கு ஆகாத நிறம்."

"எனக்கு ஆகும் மதினி."

"ஊரு என்ன சொல்லும்? புருசன் போன சந்தோசத்துல பொண்டாட்டி கேனரிக் குருவியாயிட்டான்னு சொல்லும்."

"சொல்லட்டும். குருவின்னா பாடவும் செய்யும்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். அடக்கிய முகத்தோடு எழுந்து வாசல் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள். தெருக்கதவின் நிலையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு நீலம் அடித்திருக்கும். இப்போது அது இரண்டு விரல்தான் இருந்தது. இரு பக்கமும் சுவர் அதன்மேல் ஏறி வந்திருந்தது, பல்லை மூடும் ஈறுபோல.

மன்னானா மீனை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பதூல் கண்ணயர்ந்துவிட்டாள். தூக்கத்திலும் அந்த ஓசை வந்துகொண்டிருந்தது: சரக், ஒரு மூச்சு, சரக், ஒரு மூச்சு, தாளம் தவறாமல், வேலையில் லயித்த ஒருவனின் நிதானத்தோடு, இடையிடையே தூரிகையின் காம்பைத் தொட்டி விளிம்பில் தட்டுகிற சின்னச் சத்தம். பிறகு ஓசை மாறியது. சுவரின் சொரசொரப்பு இல்லை. மென்மையான ஏதோ ஒன்றின் மேல் இழுபடுகிற ஓசை.

எழுந்து ஓடினாள்.

ஷாமா முற்றத்தில் வடக்குச் சுவரை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், போட்டோ எடுக்க உட்காருகிறவள்போல முதுகை நிமிர்த்தி. அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் வெள்ளையாக இருந்தது. தெரு முனையில் திரும்பும்போதே தெரிகிற சிவப்பு அது. அவள் பிடிவாதம் பிடித்து வாங்கியது, அப்பாவுக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் வைத்துப் போட்டுக்கொண்டது. ஒரு கை முழங்கை வரை வெள்ளை. இமைமயிர் வெள்ளை.

"ஷாமா."

மகள் புன்னகைத்தாள். "வெள்ளையில எல்லாம் இருக்கு உம்மா."

குரல் அவளுடையது. சொன்ன விதம் அவளுடையது இல்லை. கடைசிச் சொல்லைச் சற்றே இழுத்து, ஒரு பக்கம் தலை சாய்த்து.

பதூல் அவளை இழுத்துப்போய்க் குளியலறையில் வெந்நீர் ஊற்றிக் கறுப்புச் சோப்பும் தேய்ப்புக் கையுறையும் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவக்கும் வரை தேய்த்தாள். சிவந்தது, அதைக் கண்டு அழுகை வந்தது. முழங்கையின் உட்புறம் மட்டும் சிவக்கவில்லை. அங்கே நரம்பின் பச்சையும் தெரியவில்லை. ஷாமா இப்போது தன் குரலில் கேட்டாள்: "நான் அங்க எப்ப போனேன் உம்மா?"

"யாரு உன்ன உக்காரச் சொன்னது?"

ஷாமா உம்மாவின் வெள்ளை உடுப்பையே பார்த்தாள்.

சாயங்காலம் மன்னானாவை வரச் சொல்லி ஷாமாவின் கையைக் காட்டினாள் பதூல். கிழவி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். வெகுநேரம் தன் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தம்பியக் குளிப்பாட்டுனவரு அன்னிக்கே சொன்னாரு. துணி முழங்கால் வரைக்கும்தான் வருது, இன்னொரு முழம் இருந்தாத் தேவலைன்னு. இழுத்துக் கட்டுங்கன்னுட்டேன்."

"எந்தத் துணி?"

"அவனுக்குச் சுத்துன கஃபன் துணி."

"ஏன் குறைஞ்சது?"

"உனக்கு வெள்ளை தெக்கணுமில்ல. ஒரே கட்டுத் துணி. நல்ல பருத்தி. மிச்சம் நிறைய இருக்குன்னு நெனச்சு உனக்கு மொதல்ல வெட்டிட்டேன்." மன்னானா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "மையத்துத் துணியில மிச்சத்தை வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதுன்னு தெரியும். வீணாப் போகுதேன்னு பார்த்தேன்."

பதூல் தன் மடியைப் பார்த்தாள். நாலு மாதமும் ஒன்பது நாளும். தூங்கும்போதும் இதுதான். முகம் துடைத்ததும் இதில்தான்.

"ஒண்ணு செய்யி," என்றாள் மன்னானா. "நாளைக்குக் கழட்டாத. வெள்ளையிலயே இரு. ஒரு வருசம், ரெண்டு வருசம். அவன் கேக்குறது அதுதான். நீ வெள்ளையில இருந்தாப் புள்ளைய விட்டுருவான். வெள்ளையில இருந்து கெட்டவ யாரு?"

பதூலுக்குள் ஏதோ ஒன்று அந்த நேரத்தில் மிகவும் களைப்பாகச் சரி என்றது. அந்தச் சரியை அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடம் கூடவே குடித்தனம் நடத்திய சரி. சால்வை கொடியில் விறைத்து நின்ற அன்று முதன்முதலாகச் சொன்னது. அப்போது அது தன்னோடு போகும் என்று நினைத்திருந்தாள். இப்போது அது ஷாமாவின் முழங்கையில் இருந்தது.

"ஷாமாவை ராத்திரிக்கு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க மதினி."

"நீ?"

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு."

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் வெள்ளை அங்கியில் போய்விட்டார்கள். தெரு காலியானது. பதூல் குளித்தாள். வெள்ளையைக் களைந்து ஓரமாக வைத்துவிட்டு, பானைக்குள்ளிருந்து கஃப்தானை எடுத்தாள். வெள்ளை முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதற்கு மேலே மஞ்சள், குங்குமப்பூவை வெந்நீரில் போட்டதும் முதலில் கசிகிற மஞ்சள். உடுத்திக்கொண்டாள். பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

சரக்.

சாமான் அறையில் சாக்குக்கு அடியில் துஹாமியின் பெயிண்ட் டின்கள் இருந்தன. படகுகளுக்கு அடிப்பதற்காக வாங்கியவை. மஞ்சள் டின்னை மட்டும் அவன் எப்போதும் துணி சுற்றித்தான் தூக்குவான். அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனுடைய தூரிகைகளிலேயே அகலமானது ஒன்றையும்.

முற்றத்தில் மூடுபனி இல்லை. உச்சி வெயில் நாலு சுவரிலும் பட்டுக் கண் கூசியது. எல்லாமே வெள்ளையாக இருந்தது. எலுமிச்சை இலைகள் வெள்ளை. தரையின் பச்சை ஓடுகள் வெள்ளை. மன்னானா விட்டுப்போன மத்தி மீன், காகிதத்தில், வெள்ளை.

"உம்மா."

ஷாமா. தெருக்கதவுக்கு உட்பக்கம் நின்றாள். "மாமி தூங்கிட்டாங்க. நீங்க கோட்டைக்கு நடக்கும்போது நானும் வரணும்னு..."

"வெளிய போ. கதவைத் திற."

ஷாமா திரும்பினாள். அப்படியே நின்றாள். கையால் சுவரைத் தடவினாள். இடமும் வலமும் தடவினாள்.

நீலம் இல்லை. கதவு இல்லை. ஈரமான சுவர் மட்டும்.

சரக். பக்கத்தில். சரக். இன்னும் பக்கத்தில். தரையில் காலடிகள் விழுந்தன, ஒவ்வொன்றாக, வெறுங்கால், சுண்ணாம்புத் தண்ணீர் தேங்கிய விரல் தடங்களோடு. அவை பதூலிடம் வரவில்லை. ஷாமாவை நோக்கிப் போயின.

பதூல் களைந்துவைத்த வெள்ளை உடுப்பைச் சுருட்டி எடுத்தாள்.

"இந்தா உன் முழம்," என்றாள். "இதுதானே குறைஞ்சது. எடுத்துக்க."

வீசினாள். துணி தரையில் விழவில்லை. முழங்கால் உயரத்தில் எதன்மேலோ பட்டு, மடிந்து, தொங்கியது. மெல்ல அசைந்தது. நின்று மூச்சு விடுகிற ஒன்றின்மேல் தொங்குகிற துணி அப்படித்தான் அசையும்.

காலடிகள் நின்றன. போகவில்லை.

மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். டின்னைத் திறந்தாள். தூரிகையைக் காம்பு வரைக்கும் அமிழ்த்தி, தொங்குகிற துணிக்கு மேலே, வெறும் வெயிலில், ஓங்கி இழுத்தாள்.

மஞ்சள் காற்றில் ஒட்டியது.

இடுப்பு. மறுபடி தோய்த்தாள். வயிறு. நெஞ்சு, இடது பக்கம் கொஞ்சம் குழிந்து. தோள். தூரிகைக்குக் கீழே அது குளிர்ந்திருந்தது, கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற ஈரச் சாந்துபோல. வலது கை. கையின் முனையில் ஒரு தூரிகை, மயிரிலிருந்து வெள்ளை சொட்டிக்கொண்டிருந்தது. கஃப்தானின் வெள்ளை அவள் இடுப்பைத் தாண்டியது. அவள் பார்க்கவில்லை. கழுத்து. மோவாய். ஒரு பக்கம் சாய்ந்த தலை.

முகத்துக்கு வந்தபோது கை தயங்கியது.

ஒரு நொடி.

தீட்டினாள். நெற்றியிலிருந்து மோவாய் வரை, அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி, மேலிருந்து கீழே, விட்டுப்போகாமல்.

முற்றத்தின் நடுவில் மஞ்சள் மனிதன் நின்றான். சொட்டிக்கொண்டு நின்றான். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆண்கள் தெருவில் திரும்பி வருகிற செருப்புச் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். "பதூலு, ஏ பதூலு," என்றாள் மன்னானா. எந்தச் சுவரிலிருந்து என்று தெரியவில்லை.

பதூல் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"இப்ப நல்லா இருக்கு," என்றாள்.

மஞ்சள் முகத்தில் இரண்டு இமைகள் பிசுபிசுத்துப் பிரிந்தன. உள்ளே வெள்ளை. வெள்ளை மட்டும். அது அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது. அதன் வலது கை உயர்ந்தது.

அவள் தூரிகையை டின்னுக்குள் விட்டாள். அடி தட்டியது. அடியில் இருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு, கண்களை நோக்கி நிமிர்ந்தாள்.